சம்பந்திக்குத் தனித்தொட்டி

நம் வண்ணமீன் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதல் போன் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "அக்கா, அயிரை மீனு வந்துருச்சா? ஒரசிக் கழுவித் தருவீகளா, நாங்கதேன் கழுவிக்கிறணுமா?"

கோபப்படாதீர்கள். நான் பட்டுப் பார்த்துவிட்டேன், பிரயோசனம் இல்லை. தேனியில் கடை திறந்த புதிதில் 'வண்ண மீன்கள்' என்று ஆளுயரத்துக்குப் பலகை எழுதி மாட்டியிருந்தேன். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு ஒரு பெரிய மனிதர், "கலரு எதுவா இருந்தாலும் சரித்தா, முள்ளு கம்மியாப் பாத்து எடுத்து வையி" என்றார். அவருக்கு ஒரு ஜோடி தங்கமீனைக் கொடுத்து அனுப்பினேன். வளர்க்கத்தான் வாங்கிப் போனார் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கடை இல்லை. குனிந்து தொட்டி கழுவ முழங்கால் மறுத்துவிட்டது, நானும் ஒதுங்கிக்கொண்டேன். ஆனால் நீங்கள் விட்டால்தானே? புதுக்கடை போட்டவர்கள், வீடு வீடாகப் போய்த் தொட்டி சுத்தம் செய்கிறவர்கள், எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "பல மீன் இருக்குற தொட்டியில ஒண்ணு மட்டும் ரவுடித்தனம் பண்ணுதுக்கா, என்ன செய்ய?" தடுப்பு போடு, கல்லை மாற்றி வை, வேறு தொட்டிக்கு மாற்று என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குக் காபி குடிக்கப் போகலாம். அதையெல்லாம் உங்கள் செல்போனே சொல்லும். அந்த ரவுடியை அந்த வீட்டுக்கு யார் கொண்டுவந்து விட்டார்கள் என்பதை மட்டும் செல்போன் சொல்லாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வலையைத் தூக்கினீர்கள் என்றால் அப்புறம் சின்னமனூரில் நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டியதுதான்.

சின்னமனூரில் பாண்டியம்மாள் என்று எனக்கு ஒரு வாடிக்கை. வாழை போடுகிற குடும்பம். மகள் கவிதா தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருந்தாள். அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள், ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். ஹாலில் மீன் தொட்டியும் இருந்தே ஆகவேண்டும் என்று பாண்டியம்மாள் ஒற்றைக்காலில் நின்றார். நான் போய்ப் போட்டுக் கொடுத்தேன். கப்பி, மோலி, டெட்ரா, ஒரு ஜோடி ஏஞ்சல், கண்ணாடியைச் சப்பிச் சப்பிச் சுத்தம் பண்ண ஒரு சக்கர் மீன். ஒன்றின் வம்புக்கு இன்னொன்று போகாத கூட்டம். பார்த்தால் நம் வீட்டிலும் இப்படி இருக்கக்கூடாதா என்று தோன்றும்.

மாப்பிள்ளை சரவணனுக்கும் தேனியில்தான் வேலை, மோட்டார் சைக்கிள் ஷோரூமில். ஊர் மயிலாடும்பாறை. அவன் அப்பா சுந்தரராசு அங்கே தோட்டம் துரவோடு இருக்கிற மனிதர். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். பெண் பார்க்க வந்த அன்று பெண்ணைப் பிடித்துவிட்டது, வீட்டைப் பிடித்துவிட்டது, தொட்டியையும் பிடித்துவிட்டது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார். "எல்லாம் லட்சணமா இருக்கு. மீனுதேன் பொடிப்பொடியா இருக்கு."

அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ஆனால் நான் அங்கே இல்லையே.

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பூ, பழம், பட்டுச்சேலை, இனிப்பு என்று தட்டுத் தட்டாக ஏந்திக்கொண்டு வந்தார்கள். ஒரு தட்டில் மட்டும் வெற்றிலைக்கு நடுவில் காற்றடைத்த பிளாஸ்டிக் பை. பைக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன். தட்டு ஒற்றைப்படையில் வரவேண்டும் என்பதற்காக அதையும் ஒரு தட்டாகக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் பந்தியில் இருந்தேன், கையில் வடை. ஹாலில் பெண்கள் குலவை போடுகிற சத்தம் கேட்டது. பரிசம் போடுகிறார்கள் என்று நினைத்து இன்னொரு வடை கேட்டேன். சுந்தரராசு தன் கையாலேயே பையைப் பிரித்து மீனைத் தொட்டிக்குள் விட்டதற்குத்தான் அந்தக் குலவை.

அது ஃபிளவர்ஹார்ன். நம் ஊர்க் கடைகளில் வாஸ்து மீன் என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான். வளர வளர நெற்றியில் பந்து மாதிரி ஒரு மேடு எழும்பும். தனியாக வைத்தால் தங்கக்கட்டி. நாய்க்குட்டி போல நம் விரலைப் பார்த்துப் பின்னாலேயே வரும். இன்னொரு மீன் கண்ணில் பட்டுவிட்டால் போச்சு, மொத்தத் தொட்டியும் தன் பேருக்குப் பட்டா போட்டது போல நடந்துகொள்ளும். இன்னொன்றும் சொல்லவேண்டும். சுந்தரராசுவுக்கும் நெற்றி அப்படித்தான் முன்னால் வந்திருக்கும். இதை நான் சொல்லவில்லை, கவிதா சொன்னாள்.

ஒரு வாரம் போயிருக்கும். பாண்டியம்மாளிடமிருந்து போன்.

"அக்கா, சம்பந்தி ரெண்டு பேர முழுங்கிட்டாக!"

"என்னது?"

"ஆமாக்கா. நேத்து ஒருத்தரு, இன்னைக்கு ஒருத்தரு. அந்த ஏஞ்சலு பொம்பளையையும் தொரத்தித் தொரத்திக் கடிக்கிறாக."

ஏஞ்சல் என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. விசாரித்தால் விஷயம் இவ்வளவுதான். முதலில் 'சம்பந்தி வீட்டு மீன்' என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் சொல்லிச் சொல்லி 'வீட்டு மீன்' உதிர்ந்துபோய் 'சம்பந்தி' மட்டும் நின்றுவிட்டது. சம்பந்தி என்று வாய் திறந்தால் நம் பக்கத்து நாக்குக்கு அடுத்ததாக 'கடிச்சிருச்சு' என்று வருமா? 'கடிச்சுட்டாக' என்றுதானே வரும். "சம்பந்தி சாப்பிட்டாகளா?" "சம்பந்தி தூங்குறாக, லைட்ட அமத்துங்க." "சம்பந்தி மொறைக்கிறாக, அங்கிட்டுத் தள்ளி நில்லு." அந்த வீட்டில் அந்த மீனுக்கு நடந்த மரியாதை, அந்த வீட்டு மனிதருக்குக்கூட நடந்து நான் பார்த்ததில்லை.

போய்ப் பார்த்தேன். தொட்டி அலங்கோலமாகக் கிடந்தது. கப்பிகள் பாதி காணோம். ஏஞ்சல்களின் செட்டை கிழிந்து தொங்கியது. சக்கர் மீன் மோட்டார் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. நடுவில் சம்பந்தி. என்னைப் பார்த்ததும் கண்ணாடியில் வந்து டம்மென்று முட்டினார்.

"நடுவுல கண்ணாடித் தடுப்பு ஒண்ணு போட்டுருவோம் பாண்டியம்மா. இல்லாட்டித் தனியா ஒரு தொட்டி வாங்கி மாத்திருவோம்" என்றேன்.

பாண்டியம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். "அய்யய்யோ! அவுக குடுத்தத ஒதுக்கி வச்சோம்னு தெரிஞ்சா என்ன நெனப்பாக? கல்யாணத்துக்கு முன்னாடியே பிரிச்சு வச்சுட்டாகன்னு ஊரே பேசும். வேற எதுனாச்சும் வழி சொல்லுங்கக்கா."

வேறு வழி என்று அவரே ஒன்று வைத்திருந்தார். குச்சனூருக்குப் போய்ச் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார். ஏழரைதான் மீன் ரூபத்தில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்பது அவர் சந்தேகம். தொட்டி மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு எள்விளக்கு ஏற்றி வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். கரண்டும் தண்ணீரும் எண்ணெயும் நெருப்பும் ஓரிடத்தில் கூடினால் ஏழரையே பயந்து ஓடிவிடும், கூடவே வீடும் போய்விடும் என்றேன்.

கல்லையும் செடியையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். எது தன் மூலை என்று தெரியாமல் குழம்பிப்போய் சம்பந்தி கொஞ்ச நாள் சாதுவாக இருந்தார். பாருங்கள், நானே 'இருந்தார்' என்கிறேன். அந்த வீட்டுக்குப் போனால் அது தொற்றிக்கொள்ளும். புது இடம் பழகியதும் அவர் பழையபடி ஆரம்பித்துவிட்டார்.

அப்படி ஒரு நாள் நான் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருக்க, பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கவிதா மெல்ல வாய் திறந்தாள்.

"அக்கா, மீனுக்காச்சும் தனித்தொட்டின்னு கேக்க ஆளிருக்கு. எனக்கு அதுகூட இல்ல."

என்னவென்று கேட்டேன். அவளுக்கும் தேனியில் வேலை, சரவணனுக்கும் தேனியில் வேலை. அவளுக்கு ஷிப்டு வேறு. கல்யாணத்துக்குப் பிறகு மயிலாடும்பாறையிலிருந்து தினம் போய்வருவது என்றால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். தேனியில் ஒரு வீடு பிடித்துக்கொண்டு சனி ஞாயிறு ஊருக்குப் போய்வரலாம் என்று இருவருக்கும் ஆசை. "ஆனா தனிக்குடித்தனம்னு வாயத் தெறந்தா அவுக அப்பா கல்யாணத்தையே நிறுத்திருவாகளாம். இவரு வாயே தெறக்க மாட்டேங்குறாரு. எனக்கு அழுகையா வருதுக்கா" என்றாள். நெசமாகவே அழுதுவிட்டாள். எனக்கு மனசு கஷ்டமாகப் போயிற்று. ஈரக்கையால் அவள் தோளைத் தட்டி அவள் சுடிதாரை நனைத்ததுதான் நான் செய்த உதவி.

இதற்கு அடுத்து நடந்ததுதான் கூத்து.

தீனி போடப்போன பாண்டியம்மாளின் விரலைச் சம்பந்தி கவ்விவிட்டார். அவ்வளவு நாள் பொறுத்த அந்த அம்மா அன்றைக்குப் பொங்கிவிட்டது. எனக்குச் சொல்லவேண்டும் என்று செல்போனை எடுத்திருக்கிறார். எழுத்துக்கூட்டி அடிக்கப் பொறுமை இல்லை, பேசித்தான் அனுப்புவார். என் நம்பரை 'மீன் அக்கா' என்று போட்டு வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா பெயர் மீனாட்சி, அதை 'மீனாட்சி மதினி' என்று போட்டு வைத்திருந்தார். 'மீன' வரைக்கும் தட்டினால் இரண்டும் மேலும் கீழுமாக வந்து நிற்கும். கண்ணாடி போடாத பாண்டியம்மாள் மேலே இருந்ததை அமுக்கிவிட்டுப் பேசித் தள்ளிவிட்டார்.

அந்தப் பேச்சைப் பிற்பாடு நானே என் காதால் கேட்டேன். இதுதான்:

"அக்கா, இந்தச் சம்பந்தியோட இம்ச தாங்க முடியல. இன்னைக்கு என் வெரலையே கடிச்சுட்டாக. எம்புட்டுப் போட்டாலும் பத்த மாட்டேங்குது, முழுங்கிக்கிட்டே இருக்காக. போறவாரவுகள எல்லாம் மொறச்சு மொறச்சுப் பாக்குறாக. சின்னஞ்சிறுசுகள நிம்மதியா இருக்க விட மாட்டேங்குறாக. இனி ஒண்ணா வச்சுக் கட்டுப்படியாகாது. தனியாப் பிரிச்சு வச்சாத்தேன் புள்ளைக பொழைக்கும். நீங்கதேன் கல்யாணத்துக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணணும், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அனுப்பியதும் மேலே மதினி படத்தைப் பார்த்துவிட்டார். பதறிப்போய் அழிக்கப் பார்த்திருக்கிறார். 'எல்லாருக்கும் அழி', 'எனக்கு மட்டும் அழி' என்று இரண்டு கேட்குமே, அதில் இரண்டாவதை அமுக்கிவிட்டார். அவர் போனில் செய்தி மறைந்தது. நிம்மதியாகக் குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "நல்லவேளைக்கா, அழிச்சுட்டேன்."

மயிலாடும்பாறையில் அதே நேரம் அது மூன்றாவது முறையாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவர்களிடமிருந்து பதில் வந்தது. "நாங்க கெளம்பி வாரோம். பேசணும்." அவ்வளவுதான். ஒரு 'மதினி' கூட இல்லை. பாண்டியம்மாள் எனக்குப் போன் பண்ணி அழுத அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. "நீங்கதேன் சாட்சிக்கா, ஒடனே வாங்க" என்பது மட்டும் புரிந்தது. பஸ் பிடித்து ஓடினேன்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இங்கேதான் கவனிக்கவேண்டும். நெருக்கடி என்று வந்தால் நல்ல புத்தியுள்ளவர்களும் முதலில் பொய்க்குத்தான் தாவுவார்கள். அந்த வீட்டு ஹாலில் அன்றைக்கு வந்த யோசனைகளைக் கேளுங்கள்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாமே என்றால் அதில் ஒரு சிக்கல். செய்தியில் சொன்னது உங்களை இல்லை, மீனை என்று சொல்லலாம். அடுத்த நொடி அவர் என்ன கேட்பார்? 'அப்ப அந்தக் கடிக்கிற மீனுக்கு எம்பேரையா வச்சிருக்கீக?' அதற்கு என்ன பதில்?

பாண்டியம்மாளின் வீட்டுக்காரர் அதுவரை பேசாமல் இருந்தவர், திடீரென்று முகம் மலர்ந்தார். கம்பம், குமுளிப் பக்கம் வாழைத்தார் ஏற்றிப் போய்வருகிற மனிதர், மலையாளம் கொஞ்சம் தெரியும்.

"மலையாளத்துல சம்மந்தின்னா சட்னி. நாம சட்னியத்தேன் சொன்னோம்னு சொல்லிருவோம்."

நான் கேட்டேன், "சட்னி எப்படிண்ணே வெரலக் கடிக்கும்?"

"காரம்."

"முழுங்கிக்கிட்டே இருக்காகன்னு வருதே?"

"நாமதேன் முழுங்குறோம்."

"சட்னி மொறச்சுப் பாக்குமா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதற்குள் கவிதா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மீனைத் தூக்கி ஒளித்துவிடலாம் என்றார் பாண்டியம்மாள். இப்படி ஒரு ஜாதி மீனுக்கே பெயர் சம்பந்தி என்று நான் சத்தியம் பண்ணவேண்டும் என்றும் கேட்டார். இரண்டுக்கும் மாட்டேன் என்றேன். "மீனு இருந்த எடத்துலயே இருக்கட்டும். ஒருத்தரும் ஒண்ணும் ஜோடிக்க வேணாம். இன்னைக்குத் தீனியும் போடாதீக" என்றேன். நாற்காலிகளை மட்டும் தொட்டியைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். மீன் விஷயத்தில் பொய் சொன்னால் மீனே காட்டிக் கொடுத்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

வந்தார்கள். சுந்தரராசு, மீனாட்சி, பின்னால் சரவணன். தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார் பாண்டியம்மாள். "வேணாம்" என்றார் சுந்தரராசு. தண்ணீரை வேண்டாம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செல்போனை எடுத்து டீபாய் மேல் வைத்து அமுக்கினார். ஹால் முழுக்கப் பாண்டியம்மாளின் குரல் கேட்டது.

"நாங் கேக்குறேன்" என்றார் சுந்தரராசு. குரல் கோபத்தைவிட வருத்தமாகத்தான் இருந்தது. "நிச்சயத்தன்னைக்கு ரெண்டாந்தடவ பாயாசம் வாங்குனது குத்தமா? வையிங்க வையிங்கன்னு நீங்கதான வச்சீக? முழுங்குறேன்னு சொல்லலாமா? நான் யார மொறச்சேன்? யாரக் கடிச்சேன்? இவ ராத்திரி பூராவும் என்னையப் போட்டுக் கொடையிறா, நெசமாக் கடிச்சீகளான்னு!"

"நான் கேட்டது வாஸ்தவந்தேன்" என்றார் மீனாட்சி.

"அதுகூடப் போகட்டும். கல்யாணத்துக்கு முன்னாடியே புள்ளைகளத் தனியாப் பிரிக்க ஏற்பாடா? தனிக்குடித்தனமா?"

அந்த வார்த்தை விழுந்ததும் கதவோரம் நின்ற கவிதா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பாண்டியம்மாளின் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அது வந்து சம்பந்தி... மலையாளத்துல பாத்தீகன்னா..."

"அண்ணே, சும்மா இருங்க!" என்று நான் ஒரு அதட்டு அதட்டினேன். பிறகு சுந்தரராசுவைப் பார்த்துச் சொன்னேன். "அய்யா, அது எனக்கு வரவேண்டிய செய்தி. எம்பேரும் ஒங்க வீட்டம்மா பேரும் செல்லுல ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருந்ததால மாறி வந்துருச்சு. அதுல சொன்னது பூராவும் இந்த மீன. நீங்க நிச்சயத்துக்குக் குடுத்த மீன."

அவர் மீனைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"இந்தாம்மா, யாருகிட்ட கத சொல்ற? மீனுன்னா கடிச்சிருச்சு, முழுங்கிருச்சுன்னுல்ல வரணும்? இதுல கடிச்சுட்டாக, முழுங்குறாக, மொறைக்கிறாகன்னுல்ல வருது! மீனுக்கு எவனாச்சும் மருவாத குடுத்துப் பேசுவானா?"

வக்கீல் கேட்கிற கேள்வி அது. எல்லாரும் பாண்டியம்மாளைப் பார்த்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஒங்க வீட்டுலருந்து வந்தது, சம்பந்தி. தட்டுல வச்சு, வெத்தலையோட வந்தது. அத எப்புடி நான் அது இதுன்னு சொல்றது? எனக்கு வாய் வரல."

சுந்தரராசு எழுந்தார். தொட்டிப் பக்கம் போனார். கிழிந்த செட்டையோடு மூலையில் ஒண்டிக்கிடந்த ஏஞ்சலைப் பார்த்தார். "இங்கன நெறையா மீனு இருந்துச்சே" என்றார் மெல்ல. காலையிலிருந்து பட்டினி கிடந்த சம்பந்தி மேலே வந்து நின்று அவரை முறைத்தார். நெற்றியும் நெற்றியும் நேருக்கு நேர். மீனாட்சி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார், சிரிப்புக்குத்தான். "கடிக்குமா என்ன, சின்ன மீனு" என்று சொல்லிக்கொண்டே சுந்தரராசு மூடியைத் தூக்கி விரலை உள்ளே விட்டார். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

"ஆத்தாடி! கடிச்சுட்டாக!"

அவர்தான் கத்தினார். அவர் வாயிலிருந்தேதான் அந்த 'ஆக' வந்தது. ஒரு நொடி அவருக்கே புரியவில்லை. பிறகு விரலை உதறிக்கொண்டே அவர் சிரித்த சிரிப்பில் ஹாலே அதிர்ந்தது. மீனாட்சி தரையில் உட்கார்ந்தே விட்டார். "ஏங்க, இப்பச் சொல்லுங்க, யார யாரு கடிச்சது?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பாண்டியம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். தண்ணீர்ச் செம்பு மறுபடி வந்தது. சுந்தரராசு இந்தமுறை வாங்கிக் குடித்தார், அதற்கப்புறம் விரலையும் அதில் நனைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் என்னிடம் கேட்டார், "ஏம்மா, இதுக்கு எதுக்கு இம்புட்டு ஆங்காரம்? நல்ல சாதி மீனுன்னுதான கடக்காரன் குடுத்தான்."

"நல்ல மீனுதேன்யா. தனியா இருந்தா இதவிடத் தங்கமான மீனு கெடையாது. கூட நாலு பேரு இருந்தா, இது என் எடம், நான் வச்சதுதேன் சட்டம்னு நிக்கும். அதுக்கும் நிம்மதி இல்ல, மத்ததுக்கும் நிம்மதி இல்ல."

"பிரிச்சு வச்சா பகையாயிறாதா?"

"பகை வரக் கூடாதுன்னுதான்யா பிரிக்கிறது. பக்கத்துப் பக்கத்துல வச்சா ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டுச் சந்தோசமா இருக்கும்."

நான் மீனைத்தான் சொன்னேன். சத்தியமாக மீனைத்தான் சொன்னேன். ஆனால் அவர் ரொம்ப நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பாமலேயே கேட்டார்.

"ஏலே சரவணா, தேனியில எங்கனடா வீடு பாத்துருக்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிப்பா" என்றான் சரவணன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சுந்தரராசு மெதுவாகத் திரும்பினார். "பாத்தே வச்சிருக்கியா?"

"அட்வான்சு இன்னும் குடுக்கலப்பா..."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் தன் விரலைத் தூக்கிப் பார்த்தார், சிவந்து கிடந்தது. "மொதல்லயே எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடா? நான் என்ன கடிக்கவா போறேன்?" என்றார். மீனாட்சி மறுபடியும் தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவோரத்தில் கவிதாவைக் காணோம். உள்ளே போய் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு அழுதாளாம், இது வேறு அழுகை.

சம்பந்தியை அன்றைக்கே வலை போட்டுப் பிடித்தேன். சுந்தரராசுவே மயிலாடும்பாறைக்குக் கொண்டுபோனார். அங்கே அவருக்கென்று ஒரு தனித்தொட்டி போட்டுக் கொடுத்தேன். மீனுக்கு, மீனுக்கு. விரலைக் காட்டினால் நாய்க்குட்டி மாதிரி வருகிறதாம். அந்த வீட்டில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? சின்னமனூரிலிருந்து வந்ததில்லையா, அதனால் அங்கேயும் சம்பந்திதான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பாயாசம் சுந்தரராசு மூன்று தடவை வாங்கினார், ஒவ்வொரு தடவையும் பாண்டியம்மாளைப் பார்த்துக்கொண்டே. அதற்குப் பிறகு கவிதா தேனி வீட்டில் ஒரு சின்னத் தொட்டி வேண்டும் என்றாள். அதுதான் நான் கடைசியாகப் போட்ட தொட்டிகளில் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே தரையில் உட்கார்ந்து குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். பார்த்தால் சுந்தரராசு. கையில் காற்றடைத்த பிளாஸ்டிக் பை.

"என்னதுய்யா அது!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"பதறாத தாயி. கப்பிதேன். கடக்காரன்கிட்ட ஒண்ணுக்கு நாலு தடவ கேட்டுத்தேன் வாங்கினேன்."

படியிலேயே நின்றார். தன் கையாலேயே கொண்டுவந்து விட்ட மனிதர், குலவையோடு விட்ட மனிதர், இப்போது பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மருமகளைப் பார்த்துக் கேட்டார். "ஆத்தா, உள்ள விடலாமா?"

நீங்கள் ஒவ்வொரு மீனையும் தொட்டியில் விடும்முன் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். அதை எனக்கு யாரும் இதைவிட நன்றாகச் சொன்னதில்லை.

கவிதா ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். "மீனு கெடக்கட்டும் மாமா. மொதல்ல நீங்க உள்ள வாங்க" என்றாள்.